டிரோன் பாட்டரியைப் பாதுகாப்பது எப்படி?

பெயரிலேயே உழவரைத் தாங்கி நிற்கும் ஊர் புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரை. இன்று அங்கு வயல்களைவிட வீடுகளே மிகுதி. ஆயினும் அதைச் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் பயிராகின்றன. பூச்சிமருந்து தெளிக்க ஆள் கிடைக்காத குறை இங்கும் உண்டு. இக்குறையைப் போக்க வந்திருப்பதே டிரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் தெளிப்பான்.

டிரோன் பறப்பது வயலில். ஆனால் அதன் பாட்டரி பெரும்பாலான நேரத்தைக் கழிப்பது வீட்டில். டிரோன் வைத்திருப்பவர் நெருக்கமான தெருவில் குடியிருந்தால், கூடத்திலோ திண்ணையிலோதான் பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவார். டிரோனின் உறுப்புகளில் விரைவில் தேய்ந்து, மாற்றுவதற்கு அதிகச் செலவு வைப்பது இந்தப் பாட்டரியே. கவனக்குறைவால் தீப்பற்றக்கூடியதும் இதுவே. ஆகவே பறக்கவிடும் பயிற்சியைப் போலவே பாட்டரி பராமரிப்புப் பயிற்சியும் இன்றியமையாதது.

2022-ம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். அது டிரோன் அல்ல. ஆயினும் பாட்டரியின் இனம் ஒன்றே. 2013-ம் ஆண்டு ஜனவரியில் இவ்வினப் பாட்டரிகள் தீய்ந்ததால் உலகெங்கும் போயிங் 787 ரக விமானங்கள் தரையிறக்கி நிறுத்தப்பட்டன. பெரிய தொழிற்சாலைகளே எச்சரிக்கையுடன் கையாளும் பொருளைச் சிறு விவசாயி அலட்சியமாகக் கையாளக் கூடாது.

பாட்டரியின் உள்ளே

டிரோனில் பயன்படுவது லித்தியம் பாட்டரி. 1991-ல் ஜப்பானில் லித்தியம் அயனி பாட்டரி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கிய ஆய்வுகளுக்காக மூன்று விஞ்ஞானிகள் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர். நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் லித்தியம் பாட்டரி ஆய்வுகள் நடைபெறுகின்றன.

ஒரு பாட்டரிக்குள் பல செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு செல்லிலும் கிராபைட் பூசிய மெல்லிய தாமிரத் தகடும், லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடும் உள்ளன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கிறது. எல்லாவற்றையும் நனைத்திருப்பது எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அடிபடுதல், அளவுக்கு மீறிய சார்ஜ், அதிக வெப்பம் ஆகியவற்றால் சவ்வு கிழிந்தாலோ உருகினாலோ தகடுகள் தொட்டுக்கொள்ளும். உடனே செல்லில் கடும் வெப்பம் உண்டாகிறது. அது அடுத்த செல்லையும் சூடேற்றுகிறது. இப்படிச் சில நிமிடங்களில் பாட்டரி முழுவதும் எரிந்துவிடக் கூடும். உள்ளே உள்ள ஆக்சைடு தானே பிராணவாயுவை வெளிவிடுவதால், காற்றை அடைத்தால் மட்டும் இத்தீ அணையாது.

டிராக்டர் பாட்டரிக்கு நேர்மாறு

விவசாயிகளுக்கு நன்கு பழகியது டிராக்டர் பாட்டரி. ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட அந்தப் பாட்டரியை எப்போதும் நிறைய சார்ஜுடன் வைத்திருக்க வேண்டும். குறைவாக விட்டுவைத்தால் கெட்டுப்போகும். பாட்டரியில் இயங்கும் முதுகுத் தெளிப்பான்கள் பலவற்றிலும் அவ்வகைப் பாட்டரியே உள்ளது.

டிரோன் பாட்டரியின் குணம் வேறு. இதை முழு சார்ஜுடன் பல நாள் வைத்திருந்தால் உள்ளே வேதிமாற்றம் ஏற்பட்டு, வாயு உண்டாகி, பாட்டரி உப்பிவிடும். முற்றிலும் தீர்ந்துபோக விட்டாலும் கெடும். தாமிரத் தகடு சிறிது சிறிதாகக் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது தவறான இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே மின்கசிவை உண்டாக்கும். எனவே இதற்கு ஏற்றது பாதிக்குச் சற்று மேலான நிரப்பே. பறப்பதற்குச் சற்று முன் நிரப்ப வேண்டும். பறந்து முடிந்ததும் பாதி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். டிராக்டர் பாட்டரிப் பழக்கத்தை டிரோன் பாட்டரியிடம் காட்டுவதே பல பாட்டரிகள் அற்பாயுளில் போகக் காரணம்.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள்

சாதாரண லித்தியம் பாலிமர் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட். சேமித்து வைக்கும்போது 3.8 முதல் 3.85 வோல்ட் வரை இருக்கலாம். பறக்கும்போது 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

தெளிப்பு டிரோன்கள் பலவற்றில் தலா 6 செல் கொண்ட 2 பாட்டரிகள் ஜோடியாகப் பூட்டப்படுகின்றன. ஆக 12 செல். இத்தகைய ஜோடியின் முழு சார்ஜ் 50.4 வோல்ட், சேமிப்பு நிலை சுமார் 46 வோல்ட், பறக்கும்போது இறங்கக்கூடிய கடைசி அளவு 42 வோல்ட். சில பாட்டரிகளில் செல்லுக்கு 4.35 வோல்ட் வரை ஏற்றலாம். ஆகவே பாட்டரியின் மேல் அச்சிட்டுள்ளதைப் படித்து, சார்ஜரில் அந்த வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். செல்களின் எண்ணிக்கையையோ வகையையோ தவறாகக் கொடுப்பது தீயை வரவழைப்பதற்குச் சமம்.

சார்ஜ் ஏற்றும் இடம்

1. கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், சாக்கு மூட்டை, உர மூட்டை, டீசல், பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகில் சார்ஜ் ஏற்றக் கூடாது. சிமெண்டுத் தரையோ கல் தரையோ உள்ள, காற்றோட்டமான இடமே ஏற்றது.

2. படுக்கையறையிலும், வீட்டை விட்டு வெளியேறும் வழியிலும் சார்ஜ் ஏற்றக் கூடாது. வாசலருகில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்ப வழியிராது. பாட்டரியைச் செங்கல் மேடையிலோ, புகை வெளியேற இடமுள்ள இரும்புப் பெட்டியிலோ வைப்பது நலம். காற்றுப் புகாமல் இறுக மூடிய பெட்டி வெடிக்கக் கூடும்.

3. டிரோன் சார்ஜர் அதன் அளவைப் பொறுத்து 1,000 வாட் முதல் 3,000 வாட் வரை மின்சாரம் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் சுமார் 1,300 வாட்டுக்கு மேல் தாங்காது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கும், தனி எம்.சி.பி. சுவிட்சும் தேவை. நீட்டிப்புப் பெட்டி கூடாது.

4. பம்புசெட் அறையில் மும்முனை மின்சாரத்திலிருந்து கம்பியைச் செருகி சார்ஜ் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. அங்கே மின்னழுத்தமும் ஏறி இறங்கும். வயலில் சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தால், சார்ஜரின் தேவைக்கு மேல் திறனுள்ள ஜெனரேட்டரை, பாட்டரிக்குச் சில மீட்டர் தள்ளி நிழலில் வைத்துப் பயன்படுத்தலாம்.

சார்ஜ் ஏற்றும் முறை

பறந்து இறங்கிய பாட்டரி சூடாக இருக்கும். உடனே சார்ஜரில் மாட்டக் கூடாது. நிழலில், காற்றாட, குறைந்தது அரை மணி நேரம் ஆற விட வேண்டும். அருகில் நிழலில் உள்ள மற்றப் பொருள்களைவிட பாட்டரி சூடாக இல்லை என்று கைக்குத் தெரிந்தபின் மாட்டலாம். 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பாட்டரியில் சார்ஜ் ஏற்றாமல் இருப்பதே நல்லது. விரைவில் ஆறட்டும் என்று ஈரச் சாக்கைப் போர்த்துவதும், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் கூடாது. ஈரம் முனைகளில் படிந்து கேடு விளைவிக்கும்.

அடுத்து, எத்தனை ஆம்பியரில் ஏற்றுவது என்பது. பாட்டரியின் கொள்ளளவு 22,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால், 22 ஆம்பியரில் ஏற்றுவது பொதுவான அளவு. 16,000 என்றால் 16 ஆம்பியர். இந்த வேகத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். சில நிறுவனங்கள் இதைவிட வேகமாக ஏற்ற அனுமதிக்கின்றன. நிறுவனம் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது. வேகம் கூடினால் கிராபைட்டுக்குள் புக நேரமில்லாமல் லித்தியம் உலோகமாகவே மேலே படிந்து, ஊசி போல் வளர்ந்து சவ்வைக் குத்தக் கூடும்.

பாட்டரியில் தடித்த இரு கம்பிகளைத் தவிர மெல்லிய கம்பிக் கொத்து ஒன்றும் இருந்தால் அதையும் சார்ஜரில் செருக வேண்டும். செல்கள் அனைத்தையும் ஒரே அளவில் நிரப்புவது அதன் வேலை. அதைச் செருகாவிட்டால் ஒரு செல் நிரம்பி வழிய, மற்றொன்று குறையாகவே நிற்கும். சில பாட்டரிகளில் இந்தக் கண்காணிப்புச் சுற்று உள்ளேயே அமைந்திருக்கும்.

சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இரவில் மாட்டிவிட்டு உறங்குவதும், மாட்டிவிட்டுக் கடைக்குப் போவதும் கூடாது. மறுநாள் வேலைக்கு முன்மாலையே உட்கார்ந்து ஏற்றி முடித்துக் கழற்றிவிடலாம். முதுகுத் தெளிப்பானின் சார்ஜரையோ, வேறு நிறுவனத்தின் மலிவான சார்ஜரையோ பயன்படுத்தக் கூடாது.

வயலில் கவனிக்க வேண்டியவை

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்க 2023-ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த நமோ டிரோன் தீதி திட்டத்தில், டிரோனுடன் வரும் பாட்டரி தவிர மேலும் 4 ஜோடி பாட்டரிகள் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றைக் கொண்டு நாளொன்றுக்கு 20 ஏக்கர் வரை தெளிக்கலாம் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஒரு ஜோடி ஒரு ஏக்கருக்கு வருகிறது என்று கொண்டால், 5 ஜோடிகளும் நாளில் 4 முறை பறக்க வேண்டும். இங்கேதான் அவசரம் தலைகாட்டுகிறது. அடுத்த வயல்காரர் காத்திருக்கிறார் என்று சூடான பாட்டரியை அப்படியே சார்ஜரில் மாட்டத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்கலாகாது. காற்றும் வெயிலும் தணிந்த அதிகாலையிலும் மாலையிலுமே மருந்து தெளிப்பது சிறந்தது. வேலையை இரு வேளையாகப் பிரித்துக்கொண்டால், ஆறிய பாட்டரிகளுக்கு நடுப்பகலில் நிதானமாக சார்ஜ் ஏற்றலாம். முடியாத ஏக்கரை மறுநாளுக்குத் தள்ளுவதில் நட்டமில்லை.

தொட்டி நிறைந்திருக்கும்போது டிரோன் அதிக மின்சாரம் இழுக்கும். ஆகவே நிறைந்த தொட்டிக்கு நிறைந்த பாட்டரியே பூட்ட வேண்டும். பாதி தீர்ந்த பாட்டரியுடன் முழுத் தொட்டியைத் தூக்கினால் மின்னழுத்தம் திடீரென்று விழும். 30 சதவீத சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுவது பாதுகாப்பு. கடைசி வரப்பையும் முடித்துவிடலாம் என்று நீட்டினால், மருந்துத் தொட்டியோடு டிரோன் கீழே விழக் கூடும்.

பாட்டரியை வெயிலில் நிறுத்திய, கண்ணாடி மூடிய வண்டிக்குள் வைக்கக் கூடாது. கோடையில் அதன் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். எடுத்துச் செல்லும்போது முனைகளுக்கு மூடி போட்டு, தனித்தனி அறையுள்ள பெட்டியில் அடுக்க வேண்டும். ஸ்பேனர், அரிவாள் முதலிய இரும்புப் பொருள்களுடன் கலக்கக் கூடாது. உலோக வளையலோ மோதிரமோ இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் நொடியில் கை வெந்துவிடும். பூட்டுபவர் அவற்றைக் கழற்றி வைப்பது நலம்.

புதுச்சேரிப் பகுதியில் உப்புக் காற்று உண்டு. தாமிர முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதன்மேல் மருந்துத் திரவமும் பட்டால் அரிப்பு விரைவாகும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் முனைகளைத் துடைக்க வேண்டும். கருகியோ தளர்ந்தோ போன முனையை உடனே மாற்ற வேண்டும். தளர்ந்த முனையில் மின்சாரம் வெப்பமாக வீணாவதோடு, நடுவானில் இணைப்பு அறுந்துபோகவும் கூடும்.

பருவம் முடிந்ததும்

சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும், சம்பாவுக்கும் நவரைக்கும் இடையில் டிரோனுக்கு வேலை குறையும். மழையாலும் திட்டமிட்ட வேலை நின்றுபோகும். நிரப்பிய பாட்டரியை இரண்டு மூன்று நாளுக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது. நல்ல சார்ஜர்களில் சேமிப்பு நிலைக்குக் கொண்டுவரும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தி செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்க வேண்டும். காலியான பாட்டரியையும் அதே அளவுக்கு ஏற்ற வேண்டும். டிரோனிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான, ஈரமற்ற, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அளந்து பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி சேமிப்பு நிலைக்கு ஏற்றலாம்.

உப்பிய பாட்டரியும் தீயும்

உப்பிய பாட்டரி கெட்ட பாட்டரி. அழுத்திச் சரிசெய்வதும், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவதும் விபரீதம். இனிப்புக் கலந்தது போன்ற மருந்து வாசனை வந்தாலும், சார்ஜ் ஏறும்போது வழக்கத்துக்கு மேல் சூடானாலும் மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. டிரோன் விழுந்து பாட்டரி அடிபட்டிருந்தால், வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றினாலும், ஒரு நாள் முழுவதும் திறந்த வெளியில், மண்தரையில் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும்.

பாட்டரி புகையத் தொடங்கினால் கையால் தூக்கி எறிய முயலக் கூடாது. முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். முடிந்தால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 எண்ணில் அழைக்க வேண்டும். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. அதைச் சுவாசிக்கக் கூடாது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியானால், தொலைவிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றுவது வெப்பத்தைத் தணித்துத் தீ பரவாமல் தடுக்கும். மணல் போட்டால் பொறி சிதறுவது குறையும், உள்வெப்பம் தணியாது. அணைந்த பாட்டரி சில மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும்.

ஆயுள் முடிந்த பாட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடுவதும், குப்பையில் எறிவதும் தவறு. 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளரின் கடமை. முனைகளில் டேப் ஒட்டி, விற்ற நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

பதிவேடும் செலவுக் கணக்கும்

ஒவ்வொரு ஜோடிக்கும் எண் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு ஜோடியாகப் பிறந்த இரண்டையும் கடைசிவரை ஜோடியாகவே பயன்படுத்த வேண்டும். புதியதையும் பழையதையும் சேர்த்தால் பழையது புதியதையும் கெடுக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எத்தனையாவது சார்ஜ், செல்களின் வோல்ட், தெளித்த பரப்பு ஆகியவற்றை எழுதி வர வேண்டும். ஓய்வு நிலையில் செல்களுக்கிடையே 0.1 வோல்ட் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பாட்டரியை ஒதுக்கி வைத்து, விற்றவரிடம் காட்ட வேண்டும். கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இதனால் என்ன ஆதாயம்? 22,000 மில்லி ஆம்பியர்-மணி ஜோடி ஒன்றுக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்ற சுமார் ஒரு யூனிட் மின்சாரமே ஆகும். உண்மையான செலவு பாட்டரியின் தேய்மானம். ஜோடியின் விலை 60,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 300 முறை பறந்தால் ஒரு முறைக்கு 200 ரூபாய் விழுகிறது. பராமரிப்பின்றி 150 முறையிலேயே கெட்டுப்போனால் அதுவே 400 ரூபாய். இந்த வித்தியாசம் ஒன்று டிரோன் வைத்திருப்பவரின் கையைக் கடிக்கும், அல்லது ஏக்கர் வாடகையாக விவசாயியின் தலையில் விழும்.

வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

சொந்தமாக டிரோன் இல்லாத விவசாயியும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். 2021-ம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி தெளிப்பு டிரோனை ஓட்டுபவரிடம் அதற்குரிய சான்றிதழ் இருக்க வேண்டும். பாட்டரி உப்பியிருக்கிறதா, முனை கருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். உப்பிய பாட்டரியைப் பூட்டினால் தெளிக்க அனுமதிக்கக் கூடாது. தங்கள் களத்திலோ வைக்கோல் போரின் அருகிலோ சார்ஜ் ஏற்றவும் இடம் தரக் கூடாது.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. குரும்பாப்பட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விவசாயிகள் தங்கள் ஐயங்களைக் கேட்டுத் தெளியலாம்.

ஏர் மாட்டை வேலை முடிந்ததும் நிழலில் கட்டி, மூச்சு வாங்கியது அடங்கிய பிறகே தண்ணீர் காட்டுவது நம் வழக்கம். டிரோன் பாட்டரிக்கும் அதே முறைதான். ஆறவிட்டு ஏற்றுதல், அருகிலிருந்து ஏற்றுதல், அளவோடு இறக்குதல், பாதி நிரப்பில் சேமித்தல் ஆகிய நான்கையும் தவறாது கடைப்பிடித்தால் பாட்டரி நெடுநாள் உழைக்கும். வீடும் பாதுகாப்பாக இருக்கும்.